விழுந்த பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்

பாடசாலை மைதானத்தில் பிரதம விருந்தினருக்காக வெயிலில் அணிவகுத்துக் காத்து நின்று மயங்கி விழுந்த கடேற் (மாணவர் படையணி) பிள்ளையை இரண்டு பேர் தூக்கிச் செல்லும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே வந்த கருத்துகளையும் வாசித்திருப்பீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை" என்பதுதான் பெரும்பாலும்.

பிரதம விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. இதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

அசையாமல் விறைத்து நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். பங்குனி வெயிலும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் விழத்தான் வேண்டும். 2023 ஜூனில் இலண்டனில் இளவரசர் வில்லியம் முன்னிலையில் நடந்த அணிவகுப்பு ஒத்திகையில், கரடித்தோல் தொப்பி அணிந்த வீரர்களே விழுந்தார்கள். அவர்கள் முழுநேரப் படையினர். எங்கள் பிள்ளைகள் காலையில் பாணும் தேநீருமாக ஓடி வந்தவர்கள்.

நான் கடேற்றாக இருந்த காலத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர் முதலில் சொல்லித்தந்ததே, முழங்காலை இறுக்காதே, சப்பாத்துக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே நில் என்பதுதான். விருந்தினரின் வாகனம் வாசலில் தெரியும்வரை எங்களை வேப்பமர நிழலில்தான் வைத்திருப்பார். அவரைவிடக் கண்டிப்பான ஒருவரை நான் கண்டதில்லை. எங்கள் அணிநடையில் ஒரு கால்கூடப் பிசகியதில்லை.

"இதெல்லாம் ஒழுக்கத்துக்காக" என்பீர்கள். ஒழுக்கம் பிள்ளைக்கு மட்டும்தானா? நேரத்துக்கு வருவது எதில் சேரும்?

"இந்த மண்ணில் சீருடையும் நடையும் எதற்கு?" என்றும் சிலர் கேட்கிறார்கள். போர் விட்டுப்போன அந்த வலி எனக்குத் தெரியும். நான் முதன்முதல் காக்கி உடுத்திய அன்று அம்மா வெகுநேரம் என்னோடு பேசவில்லை. ஆனாலும் வாய் திறக்கக் கூசிய நான் மைதானம் அதிரக் கட்டளையிடப் பழகியது அங்கேதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்கு ஆறாதது வேறு. அத்தனை நேரம் வெயிலில் நின்றும், அந்த அணித்தலைவி தொண்டை கட்டிய குரலில் "வலப்பக்கம் பார்" என்றாள். எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மேடையில் நின்றவரோ பக்கத்தில் இருந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். மரியாதையை ஏற்க வந்தவர் அணி கடந்து போகும்வரை அதைப் பார்த்து நிற்க வேண்டும். இதைக்கூட அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா? பொன்னாடை போர்த்தும்போது மட்டும் நிமிர்ந்து நின்றாரே!

பாடசாலைகளிடம் கேட்கிறேன். அடுத்த முறை விருந்தினர் பிந்தினால் காத்திருக்காதீர்கள். அதிபரே மரியாதையை ஏற்கட்டும். பிள்ளைகளை நிழலுக்கு அனுப்பித் தண்ணீர் கொடுங்கள். வருகிறவர் வந்து வெறும் மைதானத்தைப் பார்க்கட்டும்.