சல்லிவனின் ‘ஓ’ எல்லிஸ் தீவில் தொலையவில்லை

“அமெரிக்காவுக்கு வந்த ஐரிஷ் ஓ’சல்லிவன் குடும்பங்களின் ‘ஓ’வை வெட்டி, வெறும் சல்லிவன் ஆக்கியது நியூயார்க்கின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவின் அதிகாரிகள்தான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் நம்பும் கதைதான், ஆனால் தவறு.

எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1 அன்று. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு லட்சக்கணக்கானோர் கிளம்பியது 1840களில். அதற்கும் முன்பே, அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் இருந்த தளபதி ஜான் சல்லிவனுக்குப் பெயரில் ‘ஓ’ கிடையாது. அவருடைய பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். தவிர, எல்லிஸ் தீவில் யாரும் பெயரைக் கேட்டுப் புதிதாக எழுதவில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் தயாரான பயணிகள் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள்.

‘ஓ’ உதிர்ந்தது அயர்லாந்திலேயே. இன்னாரின் வழிவந்தவர் என்று காட்டும் முன்னொட்டு அது. ஆங்கில ஆட்சி இறுகிய 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் அடையாளம் வெளியே தெரிவதே பாதகமாகிவிட்டது. இந்தக் குடும்பம் பட்டதையே பாருங்கள்: 1602இல் இவர்களுடைய டன்பாய் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு, குடும்பத் தலைவர் டோனல் காம் ஓ’சல்லிவன் சுமார் 1000 பேரோடு நடுக்குளிரில் வடக்கே லீட்ரிமுக்கு நடந்தார். போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர்.

அப்புறம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபோது, அயர்லாந்தில் பலர் ‘ஓ’வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டவர்களின் சந்ததிதான் அமெரிக்காவில் பெரும்பாலும் சல்லிவனாகவே இருக்கிறது.