ஒரு ஊரையே கட்டிவிட்டு டிரைவர் வேலையா கொடுப்பார்கள்?

நேற்று ராத்திரி பதினோரு மணி. கம்ப்யூட்டரில் மாஃபியா 2 என்ற விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டாளி ஹென்றியை வெட்டிக் கொன்றதற்குப் பழிவாங்க, நாம் ஆட்டிவைக்கிற நாயகன் வீட்டோவும் அவன் நண்பன் ஜோவும் சீனர்களின் உணவகத்துக்குள் சுட்டுக்கொண்டே இறங்குகிற கட்டம். அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர்தான் பாக்கி. கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டு மட்டும் இருக்கிறேன், அது என் தப்பு. ஆனால் கரண்ட் வந்தபின் திரும்பத் திறந்தால், எவ்வளவோ முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறதே, அது யார் தப்பு? நினைத்த இடத்தில் சேமித்துவைக்க இந்த விளையாட்டில் வழியே கிடையாது. அதுவாகப் பார்த்து எங்கே சேமிக்கிறதோ, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சுட்டவனையே மறுபடி சுட வேண்டும், கேட்ட வசனத்தையே மறுபடி கேட்க வேண்டும்.

2010-இல் வந்த விளையாட்டை இன்னுமா திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று தம்பி கேட்கிறான். மட்டமான விளையாட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே அழித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். இத்தனை அழகாகச் செய்துவிட்டு இப்படிக் கோட்டைவிட்டார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கதை நடக்கிற எம்பயர் பே என்பது நியூயார்க்கின் சாயலில் செய்த கற்பனை நகரம். சிசிலிப் போரில் அடிபட்டு, 1945 பிப்ரவரியில் வீட்டோ ஊர் திரும்புகிறான். எங்கும் பனி. கனமான பழைய வண்டிகள், திருப்பத்தில் பிரேக் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு சிறைக்குப் போய் 1951-இல் வெளியே வருகிறான். பனி இல்லை. கார்கள் தாழ்ந்து அகன்று பளபளவென்று நிற்கின்றன, ரேடியோவில் பாட்டே மாறிவிட்டது. ஆறு வருடம் போய்விட்டது என்று யாரும் வசனம் பேச வேண்டாம். தெருவைப் பார்த்தாலே தெரிகிறது.

அவன் சிறைக்குப் போகிற காரணம் இன்னும் பிரமாதம். கொலைக்காக அல்ல, பெட்ரோல் ரேஷன் கூப்பன் திருடி விற்றதற்காகப் பத்து வருடத் தண்டனை. அந்த ரேஷன் நிஜ வரலாறு. போர்க் காலத்து அமெரிக்காவில் சாதாரண வண்டிக்காரருக்கு வாரத்துக்கு மூன்று நான்கு காலன் பெட்ரோல்தான். அதற்கு முக்கியக் காரணம் பெட்ரோல் பஞ்சம்கூட இல்லை, ரப்பர் பஞ்சம். மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்துக்கொண்டதால் டயருக்கு ரப்பர் வரவில்லை. வண்டி ஓடினால் டயர் தேயும், அதனால் பெட்ரோலை அளந்து கொடுத்தார்கள். மலாயாவில் நம் ஆட்கள் ரப்பர் பால் எடுத்த தோட்டங்கள் கைமாறியதற்கும் அங்கே ஒருவன் பங்க் பங்க்காகக் கூப்பன் விற்று அலைவதற்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது, இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டுத் தேடிப் படித்ததில்தான் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தவர்கள், இந்த ஊரில் எனக்குக் கொடுத்த வேலை என்ன? டிரைவர் வேலை!

தூங்கி எழு. போன் அடிக்கும். எடு. ஜோ வீட்டுக்கு வண்டி ஓட்டு. ஒரு காட்சி பார். அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு வண்டி ஓட்டு. சுடு. திரும்ப ஜோவை வீட்டில் இறக்கிவிடு. உன் வீட்டுக்கு வந்து படு. நான் ஆபீஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பைக்கில் டிராஃபிக்கில் நசுங்கி வீடு வந்து, கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், இங்கேயும் டிராஃபிக். வேகமாகப் போனால் போலீஸ் துரத்துகிறது என்று வேகக் கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்டு, மாஃபியா கும்பலின் அடியாள் சிக்னலில் சமர்த்தாக நிற்கிறான். தம்பி பத்து நிமிஷம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அண்ணா, இது டிரைவிங் ஸ்கூலா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

வழியில் இறங்கி ஏதாவது செய்யலாம் என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. துணி வாங்கலாம், சாண்ட்விச் தின்னலாம், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கலாம். பேச ஆள் இல்லை, கிளைக்கதை இல்லை. சம்பாதித்த காசையாவது சேர்த்து வைப்போம் என்றால், ஐரிஷ்காரர்கள் வீட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். பணம், துணிமணி எல்லாம் சாம்பல். கதைக்கு அது சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். அதன் பிறகு வட்டிக்குக் கடன் கொடுத்த புரூனோவுக்குத் தன் பங்காக 27,500 டாலர் கட்ட வீட்டோ நாயாய் அலைவதும், தன் அப்பா கடன் பட்டதும் இதே ஆளிடம்தான் என்று தெரிந்துகொள்வதும் உண்மையிலேயே கனமான எழுத்து. அதனால்தான் கேட்கிறேன், இந்தக் கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெருக்களுக்குள் நாலு சின்னக் கதை எழுத முடியாதா?

முடிந்தது. தனியாகக் காசு வாங்கிக்கொண்டு முடிந்தது. வீட்டோ சிறையில் இருந்த வருடங்களில் ஜோ என்ன செய்தான் என்பதை அதே 2010-இல் தனித் துண்டாக விற்றார்கள். ஜிம்மி என்று ஒருவனை, முன்பின் கதையே இல்லாமல், அதே ஊரில் இறக்கிவிட்டு அதையும் விற்றார்கள். சோறு ஒரு விலை, குழம்பு தனி விலை. பிறகு 2016-இல் மூன்றாம் பாகம் வந்தது. வேலை இல்லை என்று புலம்பினோம் அல்லவா, பேட்டை பேட்டையாகப் போய் ஒரே வேலையை இருபது தடவை செய் என்று கொடுத்தார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் குமுறுகிறேன்.

கால விவரங்களில் புலி என்று பெயர் வேறு. 1945-இலேயே பிளேபாய் பத்திரிகை கிடைக்கிறது. அதன் முதல் இதழே 1953 டிசம்பரில்தான் வந்தது! சரி, அதை விட்டுவிடலாம். யாரும் அதைத் தேதி பார்த்துப் புரட்டப் போவதில்லை.

ஆனால் அந்த முடிவை விட முடியாது. இரண்டு வண்டிகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. வீட்டோ ஒன்றில், ஜோ இன்னொன்றில். ஒரு இடத்தில் ஜோவின் வண்டி மட்டும் வேறு பக்கம் திரும்புகிறது. வீட்டோவை உயிரோடு விடுகிற ஒப்பந்தத்தில் ஜோ இல்லை என்கிறார் மாஃபியாப் பெரியவர் லியோ. வீட்டோ முகத்தைக் காட்டி, ஊரைக் காட்டி, முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த ஊரில் சும்மா சுற்றிவரக்கூட விடுவதில்லை, முகப்புத் திரைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இப்போது மூன்றாவது தடவையாக விளையாடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் திருப்பம் வரும்போது, வண்டி நேராகப் போய்விடாதா என்று பார்க்கிறேன்.

திரும்பிவிடுகிறது, சனியன்.