வாரியாரின் இசையை விட்டுவிட்டீர்களே

ஆன்மிகச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் சுவாமிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அவருடைய நகைச்சுவைக்கே பாதி இடம் போய்விட்டது. சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் இசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. காட்பாடி பக்கம் காங்கேயநல்லூரில் 1906ல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாமல் தந்தை மல்லையதாச பாகவதரிடமே இசையும் இலக்கியமும் படித்தார். வீணையும் கற்றார். அதனால்தான் முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழின் கடினமான சந்தங்கள்கூட அவர் வாயில் அவ்வளவு சரளமாக வந்தன. சொற்பொழிவில் முதலில் பாடுவார், அப்புறம் பேச்சுத் தமிழில் பொருள் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அருணகிரிநாதர் புரிந்தார்! நடுவில் முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டுப் பரிசும் தருவார். 1993ல் லண்டனிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே காலமானார். அவர் நடத்திய 'திருப்புகழ் அமிர்தம்' இதழைப் பற்றியும் தனியாக எழுதுங்கள்.