உயிரோடு இருக்கிறவருக்கு டார்ச் அடித்த கல்யாணம்

மறைந்த பாடகியாம். அவர் நினைவாகப் பாடுகிறார்களாம். யாருக்கு? பி.சுசீலாவுக்கு!

மூன்று நாளாக இதே நினைப்புத்தான். சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்த மைக் சத்தம் காதிலேயே நிற்கிறது. யாரிடம் சொன்னாலும் "விடுடி, தெரியாம சொல்லிட்டாங்க" என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை.

திருச்சியில் சித்தப்பா மகள் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் லைட் மியூசிக் வைத்திருந்தார்கள். பழைய பாட்டு பாடுவார்கள் என்று சொன்னதால் அம்மாவை முதல் வரிசையில், ஃபேன் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன். அம்மாவுக்கு 76 வயது. முட்டி வலியால் எங்கேயும் வருவதில்லை. பாட்டு என்றதும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏழெட்டுப் பாட்டு நன்றாகத்தான் போனது. அப்புறம்தான் மைக் பிடித்திருந்த தம்பி திடீரென்று குரலைத் தாழ்த்தினார். இந்த ஆட்கள் குரலைத் தாழ்த்தினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். "அடுத்து வரும் பாடல், மறைந்த பின்னணிப் பாடகி, இசைக்குயில் பி.சுசீலா அம்மா அவர்களின் நினைவாக. இன்று அவர் நம்மோடு இல்லை. இந்தப் பாடலில் நடித்த சௌகார் ஜானகி அம்மாவும் நம்மோடு இல்லை. ஆனால் அந்தக் குரல் நம்மோடு இருக்கிறது. அனைவரும் உங்கள் செல்போன் டார்ச்சை உயர்த்திப் பிடியுங்கள்!"

ஒரே மூச்சில் இரண்டு பேர். ஒருவர் போதாது என்று இரண்டு பேர்!

மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். ஐந்நூறு பேராவது இருப்பார்கள், அத்தனை பேரும் டார்ச்சைத் தூக்கிவிட்டார்கள். பந்திக்கு வாளி எடுத்துக்கொண்டு போன பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தூக்கினான். மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு தலை குனிந்து நின்றார்கள். நல்ல நாளும் அதுவுமாக, கல்யாணப் பொண்ணைத் தலை குனிந்து நிற்க வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அதுவும் சென்னையில் அவர் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மாவுக்கு.

பாட்டு என்ன தெரியுமா? 'பார்த்த ஞாபகம் இல்லையோ'. புதிய பறவை படப் பாட்டு, 1964. செத்துப்போனாள் என்று நினைத்த மனைவி கண் முன்னால் வந்து நிற்கிற கதை. அந்த மனைவியாக நடித்தவர்தான் சௌகார் ஜானகி. அந்தப் படத்தின் பாட்டையா எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் அனுப்பி வைப்பது?

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். "எப்படி போனாங்க? எப்ப? எங்கிட்ட ஏண்டி சொல்லல?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 1964இல் அம்மாவுக்கு 15 வயது. டெண்ட் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கி, அது கிழிந்ததும் கணக்கு நோட்டில் எல்லாப் பாட்டையும் கையால் எழுதி வைத்தவள். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. இலங்கை வானொலியில் சுசீலா குரல் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பாள். அவளிடம் போய் இப்படி ஒரு பொய்யைச் சொல்லி அழ வைத்திருக்கிறான், காசு வாங்கிக்கொண்டு மேடையேறிய ஒருத்தன்.

"இல்லம்மா, நல்லா இருக்காங்கம்மா, அவன் உளர்றான்" என்று காதில் கத்தினேன். ஸ்பீக்கர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் நம்புவாளா? மைக்கில் சொல்வதை நம்புவாளா, காதில் சொல்வதை நம்புவாளா?

எழுந்து மேடைப் படிக்கட்டுப் பக்கம் போனேன். வயர் எல்லாம் காலில் சிக்குகிறது. தபேலாக்காரர் "அப்புறம், அப்புறம்" என்று கையைக் காட்டுகிறார். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன். பாடிய பெண்ணுக்கு 22 வயது இருந்தால் அதிகம். அழகாகப் பாடினாள், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கேட்கக் கேட்கக் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு சங்கதியும் கற்றுக்கொண்ட பெண்ணிடம், அந்தச் சங்கதிக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே!

பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள். மைக்காரர் குனிந்து "நேயர் விருப்பமா மேடம்? பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றார்.

"தம்பி, சுசீலாம்மா உயிரோட இருக்காங்க. சௌகார் ஜானகியும் இருக்காங்க. உடனே மைக்ல திருத்திச் சொல்லுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கீபோர்டு வாசிக்கிறவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"இன்னும் இருக்காங்களா?"

இந்த 'இன்னும்' இருக்கிறதே, இதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. 2025 ஜூலை 14ஆம் தேதி நடிகை சரோஜாதேவி இறந்தபோதும் இதே 'இன்னும்'தான். "அட, இன்னும் இருந்தாங்களா? நான் எப்பவோ போயிட்டாங்கன்னு நினைச்சேன்." ஆபீசில் கேட்டேன், தெருவில் கேட்டேன், சொந்த மாமா வாயிலேயே கேட்டேன். ஒருவர் இறந்த அன்றைக்கு நமக்கு வருகிற முதல் உணர்ச்சி ஆச்சரியமா? இத்தனை நாள் இருந்ததற்கு அவர்கள் உங்களிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமா?

சரி, மைக்காரருக்கு வருகிறேன். "ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் மேடம் இருக்கு" என்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் காட்டினார். டைப் அடித்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி. "நாலு வருஷமா இதைத்தான் சொல்றோம், யாரும் எதுவும் கேட்டதில்லை" என்றார். நாலு வருஷம்! மாதத்துக்கு நாலு கல்யாணம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட இருநூறு மண்டபம். இருநூறு மண்டபத்தில் டார்ச் அடித்திருக்கிறார்கள். ஒரு மண்டபத்தில்கூடவா ஒருத்தர் எழுந்து கேட்கவில்லை?

அந்த நாலு வருஷத்துக்குள்தான் சௌகார் ஜானகிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022இல். அந்த நாலு வருஷத்துக்குள்தான் சுசீலாம்மா 2024 ஆகஸ்டில் உடம்பு முடியாமல் மருத்துவமனைக்குப் போய், தேறி வீட்டுக்கு வந்து, அக்டோபரில் தலைமைச் செயலகத்துக்கே போய் முதல்வர் கையால் கலைத்துறை வித்தகர் விருது வாங்கினார். எல்லா டிவியிலும் காட்டினார்கள். அம்மா பார்த்துவிட்டு "இளைச்சுப் போயிட்டாங்க" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். 2025 நவம்பரோடு அவருக்கு 90 வயது. பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்ல ஒரு டார்ச்சும் வராது.

"தெரியாது" என்பதெல்லாம் ஒரு சாக்கா? கையில் போன் இருக்கிறது. டார்ச் அடிக்கத் தெரிகிற போனில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கல்யாணப் பத்திரிகையில் இனிஷியல் தப்பாகப் போட்டால் சண்டைக்கு வருகிற ஜனம் நாம். ஒருவரைச் சாகடித்தால் மட்டும் 'சின்னத் தப்பு'.

அதற்குள் சித்தப்பா ஓடி வந்தார். "ஏம்மா, நல்ல நேரத்துல சாவைப் பத்திப் பேசிக்கிட்டு. விடும்மா." நானா பேசினேன்? நானா சித்தப்பா பேசினேன்? மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டுப் பேசியது யார்?

விடவில்லை. இன்னொரு பாட்டு முடிந்ததும், ஒருவழியாக மைக்கை எடுத்து அவர் சொன்னது இது: "நண்பர்களே, ஒரு மகிழ்ச்சியான தகவல். பி.சுசீலா அம்மா அவர்கள் நலமுடன் இருப்பதாக நமக்குச் செய்தி வந்திருக்கிறது!" ஜனம் கைதட்டியது. தப்பாகச் சொல்லிவிட்டோம், மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. சௌகார் ஜானகியை அந்தத் தாளில் இருந்தபடியே விட்டுவிட்டார்.

அந்தப் பாடிய பெண் மட்டும் இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள். கையில் பாதி குடித்த வெந்நீர். "அக்கா, நிஜமாவே இருக்காங்களா? அவங்களைப் போய்ப் பார்க்க முடியுமா?" என்றாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்காகவாவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த மண்டபத்தோடு போகிற விஷயமும் இல்லை இது. 2018இல் சுசீலாம்மா இறந்துவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்த அவரே "நான் நன்றாக இருக்கிறேன்" என்று வீடியோவில் வந்து சொல்லவேண்டியதாயிற்று. 80 தாண்டிய ஒருவர் தான் சாகவில்லை என்று தானே சொல்லிக்கொள்ள வேண்டுமா? 2020 ஜூனில் பாடகி எஸ்.ஜானகியைச் சாகடித்தார்கள். காலையிலிருந்து போன் மேல் போன் வந்து, பொறுக்க முடியாமல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் வீடியோ போட்டு, ஜானகியம்மா நலமாக இருக்கிறார், இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி எஸ்.பி.பியே போய்விட்டார். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் மனசு ஆறவில்லை. 2025 மார்ச்சில் நடிகை வைஜெயந்திமாலா முறை. அவருடைய மகன் வந்து மறுக்க வேண்டியிருந்தது. 90 வயதில் அயோத்தியில் சலங்கை கட்டி ஆடியவர் அவர். 2024இல் ஆடினார். அதைப் பார்த்தவர்களைவிட அந்த வதந்தியைப் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

ஆடி மாசம் பூராவும் ஊர் முழுக்க அம்மன் கோயில் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி குரல். கூழ் ஊற்றுகிற இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள், அவர் இருக்கிறாரா என்று. பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அரசாங்கமும் இந்த லட்சணம்தான். சௌகார் ஜானகி முதல் படம் 1950. பத்மஸ்ரீ 2022. நடுவில் 72 வருஷம். 2020இல் தன் 400ஆவது படத்தில் நடித்து முடித்தார், அதற்குப் பிறகுதான் டெல்லிக்கு ஞாபகம் வந்தது. எஸ்.ஜானகிக்கு 2013இல் பத்மபூஷண் என்றார்கள். ரொம்பத் தாமதம் என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். நன்றாகச் செய்தார்!

சாப்பிடாமலே கிளம்பிவிட்டோம். ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இன்னும் முழுசாக நம்பவில்லை என்று கையிலேயே தெரிந்தது. ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"சுசீலா?"

"இருக்காங்கம்மா."

"சௌகார்?"

"இருக்காங்க. பெங்களூர், சென்னைன்னு நல்லா இருக்காங்க."

"எஸ்.ஜானகி?"

"இருக்காங்க."

"ஈஸ்வரி?"

"இருக்காங்கம்மா, இருக்காங்க."

"வாணி ஜெயராம்?"

என்ன சொல்வேன்? 2023 பிப்ரவரி 4ஆம் தேதி அவர் போனபோது அம்மா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பத்மபூஷண் அறிவித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, அந்த விருதைக் கையில் வாங்காமலே போய்விட்டார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்கள்தான் அன்றைக்குப் பேப்பரை எடுத்து ஒளித்து வைத்தோம். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று அப்படியே போய்விட்டது.

நான் பேசாமல் இருந்ததிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப நீங்களும் எங்கிட்ட சொல்றதில்ல" என்றாள். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. நேற்று பீரோவைத் திறந்து அந்தக் கணக்கு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன், மூடிவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக் உறை போட்ட தாளை அன்றைக்கே அவன் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.