ஆடிப் பாட மட்டும்தானா ஒரு மொழி?

பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கிறது பிரிட்டனி. அங்கே இரவில் ஊர்கூடி ஆடும் ஃபெஸ்ட்-நோஸ் கொண்டாட்டம் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பரிந்துரைத்தது பிரான்ஸ் அரசு. சந்தோஷம்தான். அந்த ஆட்டத்தில் பாடும் பிரெத்தோன் மொழியில் பள்ளியிறுதிக் கணக்குத் தேர்வை எழுத விடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அதே அரசுக்கு முகம் மாறிவிடும். பிரெத்தோனிலேயே பாடம் நடத்தும் திவான் பள்ளிகளில் ஒன்றான கரே நகரத்து மேல்நிலைப் பள்ளியின் மாணவர்கள் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள். கிடைத்தபாடில்லை.

திவான் 1977-இல் ஒரு சின்னக் கடலோர ஊரில் பெற்றோர் சிலர் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு தொடங்கியது. மழலை வகுப்பிலிருந்தே பாடம், விளையாட்டு, அதட்டல் எல்லாமே பிரெத்தோனில்தான். முதலில் எழுதப் படிக்கப் பழகுவதும் அதில்தான். பிரெஞ்சுப் பாடம் ஏழு வயதுவாக்கில் வரும். "அப்போ பிரெஞ்சு?" என்று பதறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டிவி, கடை, பேருந்து, பெரும்பாலான வீடுகளும் பிரெஞ்சாக இருக்கும் ஊரில் அது ஒட்டாமல் எங்கே போகும்?

பிரெத்தோனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நூறு வருஷத்துக்கு முன் பத்து லட்சம் பேருக்கு மேல் பேசிய மொழி. பள்ளியில் அதைப் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டார்கள். அடுத்தவனை மாட்டிவிட்டால்தான் அதைக் கழற்றலாம். என்ன கேவலமான ஏற்பாடு! அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சிலேயே பேசினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 1,07,000 பேர்.

பள்ளிக்கூட பிரெத்தோனைக் கிழவர்கள் கேட்டால் புரியவில்லை என்கிறார்கள், பிரெஞ்சு வாடை அடிக்கிறதாம். அடிக்கட்டும். பேச்சுவழக்கு மெருகேற வேண்டுமென்றால் முதலில் பேச ஆள் வேண்டுமே. ஆனால் மணியடித்ததும் பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. அதைப் பள்ளி மட்டும் சரிசெய்ய முடியாது.

பணமும் சும்மா வரவில்லை. புதுப் பள்ளி திறந்தால் பொதுவாக ஐந்து வருஷம் தாக்குப்பிடித்த பிறகுதான் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கும். அதுவரை பெற்றோர் பாடு. 2008-இலிருந்து ரெதாதெக் என்று ஒரு தொடர் ஓட்டம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாராவது காசு கொடுத்து வாங்க வேண்டும்.

2021 ஏப்ரலில் பிரிட்டனி எம்.பி. போல் மொலாக் கொண்டுவந்த பிராந்திய மொழிச் சட்டம் 247-க்கு 76 என்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மே மாதமே அரசியலமைப்பு மன்றம் அதில் முழுமொழிக் கல்விக்கான, அதாவது திவான்போல எல்லாவற்றையும் பிராந்திய மொழியிலேயே நடத்துவதற்கான பிரிவை வெட்டிவிட்டது. கூச்சல் கிளம்பியதும் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டுச் சமாளித்தது. பள்ளிகள் ஓடுகின்றன, ஆனால் சுற்றறிக்கையை அடுத்த அமைச்சர் மாற்றிவிடலாம். வெட்டுக்குக் காரணம், அரசியலமைப்பில் இருக்கும் "குடியரசின் மொழி பிரெஞ்சு" என்ற வரி. அது 1992-இல் ஆங்கிலத்துக்கு அணைபோடச் சேர்த்தது, பிராந்திய மொழிகள்மேல் பாயாது என்று அப்போது வாக்கும் கொடுத்தார்கள். அந்த வாக்கை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்துத் திருத்துங்கள் என்பதுதான் என் கட்சி.