ஐந்து புகார்கள் தேவை

(மதியத் தூக்கம் கலைந்த எரிச்சலோடு சதாசிவம் கூடத்துக்கு வருகிறார். விசாலாட்சி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.)

சதாசிவம்: விசாலம், விளம்பர அழைப்புகளைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது என்றாயே, அது காகிதத்தோடு சரியா, நம் வீட்டு வாசல் வரைக்கும் வருமா?

விசாலாட்சி: வராமல் என்ன? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வகுத்த விதிகளின்படி, 1909 என்ற எண்ணுக்கு 'ஸ்டார்ட் 0' என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால், வங்கிக் கடன், வீட்டுமனை, சுற்றுலா என எந்த விளம்பரமும் நம்மைத் தேடி வரக் கூடாது. உங்கள் கைப்பேசியில் அதை நான் போன வருடமே செய்துவிட்டேன்.

சதாசிவம்: அப்படியானால் தூங்குகிற மனிதனை எழுப்பி, "உங்கள் காலத்துக்குப் பிறகு குடும்பம் என்ன செய்யும்?" என்று ஒருவன் கேட்கிறானே, அது எப்படி?

விசாலாட்சி: எண் 140 என்று தொடங்கியதா? பதிவு பெற்ற விளம்பரதாரர்களுக்கு ஒதுக்கப்பட்ட வரிசை அது.

சதாசிவம்: இல்லை, சாதாரணப் பத்து இலக்க எண்.

விசாலாட்சி: இன்னும் வசதி. பதிவில்லாமல் சொந்த எண்ணிலிருந்து விற்பவர்மீது, முன்கூட்டியே தடை கேட்டு வைக்காதவர்கள்கூடப் புகார் கொடுக்கலாம் என்று 2025-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அழைத்த எண், தேதி, பேச்சின் சுருக்கம் இருந்தால் போதும். முன்பு 3 நாள் கெடு, இப்போது 7 நாள்.

சதாசிவம்: தண்டனை?

விசாலாட்சி: 10 நாளுக்குள் ஐந்து பேர் புகார் கொடுத்தால், முதல் தடவையாக இருந்தால் 15 நாளுக்கு அந்த எண்ணிலிருந்து யாரையும் அழைக்க முடியாது. மறுபடியும் மாட்டினால் ஓராண்டுக்கு இணைப்பே கிடையாது.

சதாசிவம்: பதினைந்து நாள் நிம்மதி! ஆனால் அவனுடைய அக்கா அவனை அழைத்தால் எடுத்துப் பேசலாம் அல்லவா?

விசாலாட்சி: விற்பனைக்காரனுக்கு அக்கா இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சதாசிவம்: மனிதன் என்றால் அக்கா இருக்க மாட்டாளா?

விசாலாட்சி: கைப்பேசியை இப்படிக் கொடுங்கள். இது நம் சேகரின் எண்!

சதாசிவம்: கோபப்படாதே. காப்பீட்டு முகவராகிவிட்ட மைத்துனர்களுக்கு விதிவிலக்கு உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

(விசாலாட்சி முறத்தை ஒதுக்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியை எடுக்கிறார்.)

விசாலாட்சி: எனக்கென்ன கோபம்? நேற்று அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் இறந்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நாற்பது நிமிடம் கணக்குச் சொன்னவன் அவன். உங்கள் புகார் ஒன்று, என்னுடையது இரண்டு.

சதாசிவம்: ஐந்து வேண்டுமே?

விசாலாட்சி: எனக்கு அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்களே, அவர்களை மட்டும் விட்டுவைத்தானா? பெரியக்காவுக்குப் போன செவ்வாய்க்கிழமை பேசியிருக்கிறான், இன்றோடு கெடு முடிகிறது. முதலில் அவளுக்குப் போடுங்கள்.