ஹோரஸ் டேபர் கதையில் விட்டுப்போகும் 1880

அமெரிக்க வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றிப் படித்தால் ஹோரஸ் டேபர் பெயர் எப்படியும் வந்துவிடும். வெர்மான்ட்டில் பிறந்தவர், கல் உடைத்துச் செதுக்கும் தொழிலாளி. 1859-ல் மனைவி அகஸ்டாவோடு தங்கம் தேடிக் கொலராடோ போனார். கிட்டத்தட்ட 20 வருஷம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. அத்தனை வருஷமும் சுரங்கக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டு, கடையையும் கவனித்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அகஸ்டா.

1878-ல், வெள்ளி தேடப் புறப்பட்ட இரண்டு பேருக்குக் கடைச் சாமான் கொடுத்தார் டேபர். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று பேச்சு. கொலராடோவின் சுரங்க ஊரான லெட்வில்லில் அவர்கள் தோண்டிய இடத்தில் வெள்ளி வந்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் அவர்கள், பணக்காரர் ஆனவர் இவர். 1879-ல் மாநிலத் துணை ஆளுநர் பதவியும் வந்தது.

இங்கிருந்து கதை சொல்பவர்கள் நேராக 1883-க்குப் போய்விடுகிறார்கள்: அகஸ்டாவுடன் விவாகரத்து, 'பேபி டோ' என்று அழைக்கப்பட்ட எலிசபெத்துடன் வாஷிங்டனில் கல்யாணம், அதற்கு ஜனாதிபதி ஆர்தரே வந்தது. சரி, சுவாரசியமான விஷயம்தான். ஆனால் நடுவில் 1880 இருக்கிறதே!

அந்த மே மாதம் லெட்வில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 3 டாலர் தினக்கூலியை 4 டாலர் ஆக்க வேண்டும், 8 மணி நேர வேலை வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டர் மேலே, மண்ணுக்கு அடியில் வேலை செய்தவர்கள் இதைக் கேட்டது அநியாயமா? சுரங்க முதலாளியாகவும் துணை ஆளுநராகவும் இருந்த டேபர் அவர்களுக்கு எதிராக ஆள் திரட்டினார். ஜூனில் ஆளுநர் பிட்கின் ராணுவச் சட்டம் அறிவித்தார், படை வந்தது. சில நாட்களில் போராட்டம் முடிந்து, தொழிலாளர்கள் பழைய கூலிக்கே திரும்பினார்கள். இத்தனை வருஷம் தானும் ஒன்றுமில்லாமல் அலைந்த மனுஷன் இதைச் செய்தாரே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் 1893. மத்திய அரசு மாதாமாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது, அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த வெள்ளி விலை மீளவில்லை. டேபரின் சொத்தும் போனது. 1898-ல் அரசாங்கம் அவருக்கு டென்வர் போஸ்ட்மாஸ்டர் வேலை கொடுத்தது, மறுவருஷம் இறந்தார். அவருடைய வீழ்ச்சிக்காக உருகி எழுதுகிறவர்கள், பழைய கூலிக்குத் திரும்பிய அந்த லெட்வில் தொழிலாளர்களுக்கும் நாலு வரி ஒதுக்க வேண்டும்.